பாடுவது அத்தை, காட்டுவது யாரை? நடவுப் பாட்டுக்கு ஒரு வீடியோ

#1 தட்டோன் தவில்

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் தட்டோன் பக்கம் எங்கள் ஊர் பஜனைக் குழுவில் ஒரு நடவுப் பாட்டை ஒலிப்பதிவு செய்திருக்கிறோம். பாடியவர் என் அத்தை. அவருடைய மாமியார் வயலில் பாடக் கேட்டுக் கற்றுக்கொண்ட பாட்டு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதை முதலிலிருந்து கடைசிவரை தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். அவர் ஓர் அடி பாட, ஊர்ப் பெண்கள் நால்வர் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். தவில், கீபோர்டு, ஒரு கிதார் சேர்த்திருக்கிறோம். ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலே வருகிறது. ஒலி நன்றாகவே அமைந்துவிட்டது.

இனி வீடியோ எடுக்க வேண்டும். கையில் இருப்பது ஒரு கைப்பேசி, ஒரு முக்காலி, நண்பனின் மோட்டார் சைக்கிள். சிக்கல் என்னவென்றால், அத்தை கேமரா முன் நிற்க மாட்டேன் என்கிறார். "பாட்டைத்தானே கேட்டாய், பாடிவிட்டேன். முகத்தை எதற்குக் கேட்கிறாய்?" என்கிறார். குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சித்தப்பா மகளை நாற்றங்காலில் நிறுத்தி வாயசைக்க வைக்கலாம் என்கிறது ஒரு கட்சி. அது ஏமாற்று வேலை, பாடியவர்தான் தெரிய வேண்டும் என்கிறது மற்றொரு கட்சி. எனக்கோ ஒரு சிறிய கதை வைத்துப் படம் போல எடுக்க ஆசை.

பாட்டு வீடியோவுக்கு என்று விதிமுறை ஏதாவது உண்டா? கதை வேண்டுமா? பாடியவர் தெரிந்தே ஆக வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பர்மா பஜார் பேரன் (சென்னை)

ஏமாற்று வேலை என்று சொன்ன கட்சியை முதலில் உட்கார வையுங்கள். தமிழ்ப் படப் பாட்டு முழுவதும் இரவல் குரலில்தான் நிற்கிறது. 1931-ல் பேசும்படம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு நடிப்பவரே பாட வேண்டும் என்பதால், பாடத் தெரிந்தவர்தான் கதாநாயகன், தொந்தி இருந்தாலும் சரி. 1930களின் இறுதியில் பின்னணிக் குரல் வந்தது. அன்று முதல் பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர். யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. பாடியவர் பெயரை வானொலியில் சொன்ன பிறகுதான் பாட்டையே போடுவார்கள். 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருதை முதன்முதலாகப் பெற்றவர் பி. சுசீலா, உயர்ந்த மனிதன் படப் பாட்டுக்காக. குரலுக்கு விருது கொடுத்தார்கள், முகத்தை யாரும் கேட்கவில்லை.

இதே காரியத்துக்காக 1990-ல் மேற்கே இரண்டு பேர் சின்னாபின்னமானார்கள். மில்லி வனில்லி என்று ஓர் இரட்டையர். ஆல்பத்தில் பாடியது வேறு ஆட்கள், வீடியோவிலும் மேடையிலும் வாயசைத்தது இவர்கள். விஷயம் வெளிவந்ததும் கொடுத்த கிராமி விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தமிழ் ரசிகனுக்கு அந்தக் கோபம் பிடிபடவே பிடிபடாது. சித்தப்பா மகளைத் தாராளமாக நிறுத்துங்கள்.

#3 மூன்றாம் ரீல் (ரங்கூன்)

பேரன் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த இருவர் விழுந்தது வாயசைத்ததற்காக அல்ல. வீடியோவில் எல்லோரும் வாயசைக்கத்தான் செய்கிறார்கள், சொந்தப் பாட்டுக்கும் கூட. உண்மையில் பாடியவர்களின் பெயரை மறைத்து, இவர்களே பாடியதாக உறையில் அச்சிட்டு விற்றதுதான் குற்றம்.

நான் திருமண வீடியோக்களைப் படத்தொகுப்பு செய்து பிழைப்பவன். தம்பி விதிமுறை கேட்டதால், அவை எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் சொல்கிறேன். பாட்டுக்கென்று தனியாகக் குறும்படம் எடுப்பது தொலைக்காட்சிக்கு முந்தியது. 1940-ல் அமெரிக்காவில் பானோரம் என்று ஓர் இயந்திரம் உணவு விடுதிகளில் வந்தது. பத்து சென்ட் போட்டால் திரையில் ஒரு பாட்டு ஓடும். எட்டுப் பாட்டுகள் ஒரே சுருளில் இருந்ததால் அடுத்து வருவதைத்தான் பார்க்க முடியும், பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. பிறகு 1960 வாக்கில் பிரான்சில் வந்த ஸ்கோபிடோன் அந்தக் குறையைத் தீர்த்தது. 36 படங்களில் வேண்டியதை அழுத்திப் பார்க்கலாம். இந்த இரண்டு இயந்திரங்களிலும் காசு போட்டது பார்ப்பவர்.

பின்னால் கணக்கு தலைகீழானது. பீட்டில்ஸ் குழு 1966-ல் எல்லாத் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் நேரில் போக முடியாமல், தாங்கள் பாடும் படத்தை எடுத்து அனுப்பிவைத்தது. 1975-ல் குயீன் குழு தன் ஆறு நிமிடப் பாட்டுக்குச் சில மணி நேரத்தில் ஒரு வீடியோவை முடித்தது. குழு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருக்க, வீடியோ பிபிசியில் வாரக்கணக்கில் ஓடியது. 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் எம்டிவி என்ற இசை அலைவரிசை தொடங்கியபோது இது முழுநேரத் தொழிலாகிவிட்டது. இசைத்தட்டு நிறுவனங்கள் சொந்தச் செலவில் வீடியோ எடுத்துக் கொடுத்தன, அலைவரிசை ஒளிபரப்பியது. போட்ட பணம் கடையில் இசைத்தட்டு விற்றுத் திரும்பி வந்தது. ஆக அது விளம்பரம்.

நாம் விதிமுறை என்று நினைப்பதில் பெரும்பகுதி இந்த விளம்பரக் கணக்கில் முளைத்தது. முகத்தை ஏன் அவ்வளவு நெருக்கத்தில் காட்டினார்கள்? கடையில் உறையைப் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் திரையின் ஓரத்தில் பாடகர், பாட்டு, ஆல்பம், நிறுவனம் என்று எழுத்து வருமே, அது வாங்கப் போகிறவருக்கான சீட்டு. இயக்கியவர் பெயரை எம்டிவி அந்தச் சீட்டில் சேர்த்தது 1992-ல்தான். அதுவரை யார் எடுத்தார் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

வகை என்று கேட்டால், பாடுவதைக் காட்டுவது, கதை சொல்வது, இரண்டுமில்லாமல் வெறும் காட்சிகளால் மயக்குவது. பெரும்பாலும் இவற்றைக் கலந்துதான் எடுக்கிறார்கள். தாளத்தில் வெட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டினால் இரண்டாவது சரணத்திலேயே கண் களைத்துவிடும். தம்பி தவில் வாசிப்பவர், இதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

#4 பழைய கொட்டகை (பெகு)

எம்டிவி, கிராமி எல்லாம் படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். விளம்பரம் என்கிறீர்களே, எதற்கு விளம்பரம்? அந்தத் தம்பியிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது? அத்தையின் இசைத்தட்டா?

நான் வீடியோ கொட்டகை நடத்தியவன். இங்கே தொலைக்காட்சி வந்ததே 1980-ல். அதிலும் ஊருக்கு நாலு வீட்டில் பெட்டி. அதனால் மூங்கில் தட்டிக் கொட்டகை, ஜெனரேட்டர், தரையில் பாய் என்று பிழைப்பு ஓடியது. தமிழ் டேப் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கப்பல்காரர்கள் கையில் வரும். படம் ஓட்டினால் பாதிக் கூட்டம். படத்தை விட்டுப் பாட்டுகளை மட்டும் வெட்டித் தொகுத்த டேப் போட்டால் பாய் போதாது. கதை என்ன, அவள் ஏன் அழுகிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. 1996-ல் தொலைக்காட்சி, வீடியோ சட்டம் வந்த பிறகு உரிமம், தணிக்கைச் சான்று என்று அலைந்ததைச் சொன்னால் இந்த இழை போதாது.

அதற்குள் விசிடி வந்துவிட்டது. இந்த நாட்டில் பாட்டு வீடியோ என்றால் என்ன என்பதைத் தீர்மானித்தது அந்தத் தட்டுதான். பர்மியப் பாடகர் யாராக இருந்தாலும், கேசட்டோடு கரோக்கே விசிடியும் வரும். ஒரு தட்டில் 74 நிமிடம். இரண்டு ஒலித்தடங்களில் ஒன்றில் பாடகர் குரலும் இசையும், மற்றொன்றில் இசை மட்டும். பொத்தானை அழுத்தினால் பாடகர் காணாமல் போவார். திரையின் அடியில் வரிகள் ஓடும், பாட வேண்டிய எழுத்து நிறம் மாறும். அதைப் பார்த்துத் தேநீர்க் கடையில் ஊரே பாடியது. படத்தில் என்ன இருந்தது? ஏரிக்கரையில் ஒரு பையன், ஒரு பெண், ஒரு குடை. சில தட்டுகளில் பாடகர் தலைகாட்டுவார், சிலவற்றில் யாரோ நடிகர் நடிகையர் உலாவுவார்கள். யாருக்கும் கவலையில்லை. எல்லோருடைய கண்ணும் திரையின் அடியில் இருந்தது.

மேற்கே பாட்டு வீடியோ பாடகரை விற்றது. இந்தியாவில் படத்தை விற்றது. இங்கே நம்மைப் பாட வைத்தது. தம்பி முதலில் எந்த ஊர் வீடியோ எடுக்கப்போகிறார் என்று முடிவு செய்யட்டும். முகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

#5 இன்யா குடை

ஏரிக்கரைக் குடையைப் பற்றி இழிவாகப் பேச வேண்டாம், ஐயா. அந்தக் குடைக்குள் பல குடும்பங்கள் தொடங்கியிருக்கின்றன.

#6 மோல்மீன் டீச்சர்

கொட்டகை ஐயா சொன்னதை என் வகுப்பறையிலிருந்து வழிமொழிகிறேன். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் வாரம் முழுவதும் பள்ளியில் படிப்பது பர்மிய எழுத்து. தேவாரம் சொல்லிக் கொடுத்தால், நோட்டில் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நாங்கள் திட்டுவதும் அவர்கள் மறைத்து எழுதுவதும் பழகிப்போய்விட்டது.

தட்டோன் தம்பிக்கு என் யோசனை: வரிகளைத் திரையில் போடுங்கள், தமிழ் எழுத்திலும் பர்மிய எழுத்திலும். மொழிபெயர்ப்பைச் சொல்லவில்லை. தமிழ் ஒலியையே பர்மிய எழுத்தில் எழுதுங்கள். அத்தை ஒருவருக்குத்தான் முழுப் பாட்டும் தெரியும் என்கிறீர்கள். அப்படியானால் வேறு எந்த வேலையைவிடவும் இந்த வேலையைத்தான் அந்த வீடியோ முதலில் செய்ய வேண்டும். பிள்ளைகள் பாட வேண்டும். பார்த்து ரசித்துவிட்டு அடுத்ததற்குத் தள்ளிவிட்டுப் போனால் யாருக்கு என்ன பயன்?

#7 பர்மா பஜார் பேரன் (சென்னை)

டீச்சர் சொல்வது நியாயம்தான். ஆனால் பாடம் நடத்துகிற வீடியோவை யார் பார்ப்பார்கள்? 2014-ல் தனியார் கைப்பேசி நிறுவனங்கள் வந்து சிம் அட்டை 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கியதும் உங்கள் ஊர் விசிடி கடைகளும் தளர்ந்துவிட்டன என்று என் மாமா சொல்வார். இப்போது பிள்ளைகள் கையில் இருப்பது உலகம் முழுவதும். சும்மா வரி ஓடினால் நிற்க மாட்டார்கள்.

2021-ல் வந்த என்ஜாய் எஞ்சாமியைப் பாருங்கள். படப் பாட்டு அல்ல, தனிப் பாட்டு. தோட்டத் தொழிலுக்குப் போன முன்னோர், நிலம், பாட்டி என்று தம்பியின் பாட்டுக்கு மிக நெருங்கிய விஷயம். காடும் வண்ணமும் ஆடையும் என்று கண்ணை எடுக்க முடியாத வீடியோ. அதனால்தான் தமிழ் தெரியாதவர்களும் பார்த்தார்கள். உடையை மாற்றுங்கள், சரணத்துக்கு ஓர் இடம் என்று எடுங்கள், ஒரு ட்ரோன் வாடகைக்கு எடுத்து வயலை மேலிருந்து காட்டுங்கள்.

#8 பழைய கொட்டகை (பெகு)

ட்ரோனாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு மோன் மாநிலத்தில் ட்ரோன் விடச் சொல்கிறார். தம்பி, அதைக் காதில் வாங்காதே, காரணமும் கேட்காதே.

சரணத்துக்கு ஓர் உடை என்பது படக்காரர்கள் பழக்கம். கதாநாயகி ஒரே பாட்டில் ஏழு சேலை மாற்றுவது சேலைக்காக அல்ல, செலவு செய்திருக்கிறோம் என்று காட்டுவதற்காக. நடவு நடுகிற பெண் எதற்கு மாற்ற வேண்டும்?

#9 தட்டோன் தவில்

எல்லோருக்கும் நன்றி. யாருக்காக என்று ஐயா கேட்டதற்குப் பிறகு குழுவில் பேசினோம். ஊர்ப் பிள்ளைகளுக்காக என்பதில் சண்டை இல்லை. அப்படியானால் சித்தப்பா மகள் வாயசைக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஐந்து நிமிடம் வெறும் வயலையும் வரிகளையும் காட்டினால் சலிக்காதா என்ற பயமும் இருக்கிறது. கதையை முழுதாகக் கைவிட மனம் வரவில்லை.

இன்னொன்று. இரண்டாவது இடையிசையில் எங்கள் கீபோர்டுக்காரர் ஒரு பழைய படப் பாட்டின் மெட்டைக் கொஞ்சம் சேர்த்திருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. பரவாயில்லையா?

#10 மூன்றாம் ரீல் (ரங்கூன்)

மெட்டை எடுத்துவிடுங்கள். நம் நாட்டில் இது எல்லோருக்கும் பழகிய விஷயம் என்று தெரியும். வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மிய வரி எழுதிப் பாடும் காப்பிப் பாட்டு பல பத்தாண்டுகளாக இங்கே தனி இசைவகையாகவே வாழ்ந்தது. ஆங்கில ராக், இந்திப் படப் பாட்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1914-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான் நூறு ஆண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது, வெளிநாட்டுக்காரர்கள் வந்து கேட்கவும் வழியில்லை. 2019-ல் புதிய சட்டம் இயற்றினார்கள். அதைவிட உடனடி ஆபத்து யூடியூபின் தானியங்கிச் சோதனை. ஒலியை ஒப்பிட்டுப் பார்த்து, உரிமையாளர் பெயரில் கொடி நட்டுவிடும். ஒரு சிறிய மெட்டுக்காக அத்தையின் பாட்டு முழுவதும் வேறொருவர் கணக்கில் போய்விடக்கூடும்.

இனி உங்கள் சலிப்புப் பயம். பாட்டின் அமைப்பை நீங்களே முதல் பதிவில் சொல்லிவிட்டீர்கள், பிறகு மறந்துவிட்டீர்கள். அத்தை ஓர் அடி பாடுகிறார், நான்கு பெண்கள் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த நால்வருக்குக் கேமரா முன் நிற்கத் தயக்கம் உண்டா? இல்லையென்றால் வேலை முடிந்தது. அத்தையின் அடி ஒலிக்கும்போது வயல், நாற்று, கை, சேறு, வரப்பு. திருப்பிப் பாடும்போது அந்தப் பெண்கள், அவர்கள் பாடியதையே அவர்கள் வாயசைப்பார்கள். ஏமாற்று என்று ஒரு கட்சியும் பேச முடியாது. பார்க்கிற பிள்ளையும் எந்த இடத்தில் தான் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்துகொள்ளும். அதுவே போதும், கதை என்று ஒன்றைத் தேட வேண்டாம்.

படப்பிடிப்பில் கவனிக்க வேண்டியவை சில. பாட்டை ஒலிபெருக்கியில் போட்டு அதற்கு வாயசைக்க வேண்டும், மனப்பாடமாகப் பாட விட்டால் வேகம் ஓடிவிடும். ஒலிபெருக்கியை வரப்பில் வைத்துவிட்டு அவர்களை வயலின் நடுவில் நிறுத்தாதீர்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 50 மீட்டர் தள்ளி நின்றால் பாட்டு அவர்கள் காதுக்கு ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு தாமதமாகப் போய்ச் சேரும். நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் அது நான்கு ஃப்ரேம். உதடு பின்தங்கி இருப்பது பாமரனுக்கும் தெரியும். ஒலிபெருக்கியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, நாற்றுக்கட்டுகளுக்கு இடையே மறைத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் பாட்டு தொடங்கும் முன் கேமரா பார்க்க ஒரு கைதட்டு. கைப்பேசியின் ஒலியும் பதிவாகட்டும். பிறகு எறிந்துவிடலாம், ஆனால் பொருத்துவதற்கு அதுதான் துணை.

கைப்பேசியில் பெரிய தொல்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் உதடும் பாட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிவிடும். 25 அல்லது 30 என்று பூட்டி வைக்கும் செயலியில் எடுங்கள். மெதுவான அசைவு வேண்டுமானால் ஒரு பழைய உத்தி இருக்கிறது: பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓட விட்டு, அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்லி, இரு மடங்கு ஃப்ரேமில் எடுங்கள். பிறகு பாதி வேகத்தில் ஓட்டினால் உதடு பாட்டோடு பொருந்தும், நீரும் முடியும் உடையும் மெதுவாக அசையும். அந்தப் பெண்கள் சிரித்துச் சிரித்துப் படப்பிடிப்பு நின்றுவிட்டால் நான் பொறுப்பல்ல.

#11 இன்யா குடை

இரு மடங்கு வேகத்தில் நடவுப் பாட்டு! அதை மட்டும் தனியாக எடுத்துப் போடுங்கள், அதுதான் ஓடும்.

#12 பர்மா பஜார் பேரன் (சென்னை)

ரீல் சொன்ன யோசனைக்கு நானும் தலை வணங்குகிறேன். கேமராவை நகர்த்தாமல் வைத்தாலும் பின்னணி பேசும். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி உங்கள் தலைநகர் நேப்பியிதோவில் ஓர் உடற்பயிற்சி ஆசிரியை இந்தோனேசியப் பாட்டு ஒன்றுக்கு ஆடித் தன்னைப் படம் பிடித்தாரே, நினைவிருக்கிறதா? அசையாத கேமரா, ஒரே காட்சி, வெட்டு இல்லை. பின்னால் சாலையில் வந்த வண்டி வரிசையை அவர் கவனிக்கவே இல்லை, அந்த வரிசை எதற்காக...

#13 மட்டறுத்துநர்

பேரன், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் குழுவில் ஊருக்குள் இருந்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பேச்சு நடவுப் பாட்டைப் பற்றி.

#14 பழைய கொட்டகை (பெகு)

பர்மிய எழுத்தில் தமிழ் வரி போடுவது பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. பர்மியத்தில் ர-வுக்கான எழுத்தை இவர்கள் ய என்று படிக்கிறார்கள். ரங்கூன் யாங்கோன் ஆனது இதனால்தானே? நடவுப் பாட்டில் நாரை வரும். நம் பிள்ளை அதை நாயை என்று பாடுவான். வயலில் நாய் இறங்கும். ழ-வுக்கு எழுத்தே இல்லை. அத்தையின் மாமியார் எழுந்து வந்து அடிப்பார்.

#15 மோல்மீன் டீச்சர்

ஐயா, ரேடியோவை அதே எழுத்தில்தான் எழுதுகிறார்கள், ரேடியோ என்றுதான் படிக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த சொல் என்று தெரிந்தால் ர ஒலி தானே வரும். பிள்ளைகள் பாட்டைக் காதால் கேட்டுக்கொண்டேதான் படிக்கப்போகிறார்கள். அத்தை நாரை என்று பாடும்போது யார் நாயை என்று பாடுவார்கள்?

ழ விஷயத்தில் உங்கள் கவலை எனக்கும் உண்டு. ல-வுக்குக் கீழே புள்ளி வைக்கலாம் என்று ஒரு மாணவன் சொன்னான். கீழ்ப்புள்ளி பர்மியத்தில் தொனிக்குறி ஆகிவிடும், ஒலியைச் சுருக்கிவிடுவார்கள். அதனால் ழ வரும் இடத்தில் மட்டும் பர்மிய வரிக்கு நடுவே தமிழ் ழ-வையே அப்படியே வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். மொத்தப் பாட்டிலும் சில இடங்களில்தான் வரும். அந்த ஓர் எழுத்தையாவது பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

#16 பழைய கொட்டகை (பெகு)

விளங்காத யோசனை. ஆனால் செய்து பார்க்கலாம்.

#17 மூன்றாம் ரீல் (ரங்கூன்)

எழுத்தைப் பற்றித் தொழில்காரனாக ஒரு சொல். பர்மிய எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் உண்டு, தமிழைவிட அதிக உயரம் கேட்கும். இரண்டு வரிகளையும் நெருக்கி வைத்தால் ஒன்றின் கால் மற்றதன் தலையில் இடிக்கும். இடைவெளி தாராளமாக விடுங்கள். எழுத்து வெள்ளை, விளிம்பு கறுப்பு. பச்சை வயலில் மஞ்சள் எழுத்து படிக்க முடியாது. வரி, பாட்டு தொடங்குவதற்கு அரை நொடி முன்பே திரையில் வந்துவிட வேண்டும். பாடத் தொடங்கிய பிறகு வரி வந்தால் பாடுகிறவர் ஒவ்வோர் அடியிலும் பின்தங்குவார். பழைய விசிடிக்காரர்கள் அதைச் சரியாகச் செய்தார்கள். எழுத்து எழுத்தாக நிறம் மாற்றுவது கைப்பேசிச் செயலியில் உயிரை வாங்கும், சொல் சொல்லாக மாற்றினால் போதும்.

இன்னும் ஒன்று: குரல் இல்லாத இசைத்தடத்தையும் தனியாக ஏற்றி வையுங்கள். ஆனால் அதில் அத்தையின் குரலை மட்டும் எடுங்கள், அந்த நால்வரின் குரல் இருக்கட்டும். பிள்ளை முதலடி பாடினால் திருப்பிப் பாட ஆள் வேண்டாமா?

#18 தட்டோன் தவில்

அந்தக் கடைசி யோசனைக்காகவே உங்களைத் தட்டோனுக்கு அழைத்து விருந்து வைக்க வேண்டும்.

நால்வரிடமும் பேசிவிட்டேன். மூவர் சரி என்றார்கள், ஒருவர் கணவரைக் கேட்க வேண்டும் என்றார், கணவர் தானும் வயலில் வர வேண்டும் என்கிறார். மாடு பிடிப்பவராக வைத்துக்கொள்கிறோம். நடவு தொடங்கியிருக்கிறது. மேகமூட்டமாக இருப்பதால் வெளிச்சம் மென்மையாகத்தான் வரும். கீபோர்டுக்காரர் மெட்டை எடுத்துவிடச் சம்மதித்துவிட்டார், முகம் மட்டும் சரியில்லை.

அத்தையிடம் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். தன் பெயருக்கு முன்னால் மாமியார் பெயர் வர வேண்டும், அவர் இருந்த ஊரின் பெயரும் வர வேண்டும், இல்லையென்றால் ஒலிப்பதிவையே அழித்துவிடு என்றார். பெயர்களைத் தொடக்கத்தில் போடுவதா, முடிவிலா?

#19 பர்மா பஜார் பேரன் (சென்னை)

தொடக்கத்தில். முடிவுவரை யார் பார்க்கிறார்கள்? தனி அட்டையாக, கறுப்புத் திரையில், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் நான்கு நொடி. சித்தப்பா மகளுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?

#20 தட்டோன் தவில்

ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நிற்கிற வேலை. கோபமாக இருக்கிறாள்.

#21 பழைய கொட்டகை (பெகு)

எடுத்து முடித்ததும் இணைப்பை இங்கே போடு. தமிழ் வரி மேலே, பர்மிய வரி கீழே. மாற்றி வைத்தால் நான் பார்க்க மாட்டேன்.

#22 மோல்மீன் டீச்சர்

வரிகளை எழுதியதும் முதலில் எனக்கு அனுப்புங்கள், தம்பி. ஒற்றுப் பிழைகளோடு வீடியோவில் ஏறிவிட்டால், பிள்ளைகள் அதைத்தான் சரி என்று என்னிடம் வாதாடுவார்கள்.